கோல் விழுந்தபோது கத்தியவர்

எழும்பூர் ஹாக்கி ஸ்டேடியத்தில் லீக் மேட்சுக்குக் கூட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் வராது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நடந்தால் திருவல்லிக்கேணி முழுக்க வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. இங்கே காலரியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே மேட்ச் பார்க்கலாம். அதனாலேயே ஒருவர் கத்தினால் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். அப்படிக் கேட்கிற குரல்களில் முதல் குரல் அமீனுடையது. நம்ம பக்கம் கோல் போட்டால் எழுந்து நின்று "அடி தூள்" என்பார். வேறு ஒரு சொல் சேர்க்கமாட்டார். அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் குரலுக்கு நடுவர்களே சிரித்திருக்கிறார்கள்.

தி. நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் அமீனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வீடு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம். ஹாக்கி என்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒலிம்பிக்கில் வெண்கலம் வந்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாதி விலையில் பிரேம் கொடுத்துவிட்டு, அந்த மாத வாடகைக்குக் காசில்லாமல் மனைவி ஜுவேரியாவிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர்களுடைய ஒரே மகள் சிம்ரா, அடையாறில் ஒரு பெண்கள் கிளப்பில் கோல்கீப்பர். பதினாறு வயது. மகள் எந்த இடத்தில் நின்று விளையாடினாலும் அமீன் சந்தோஷப்பட்டிருப்பார்தான்; ஆனால் அவள் பேடும் ஹெல்மெட்டும் கட்டிக்கொண்டு கோல் வாயில் தனியாக நிற்பதைப் பார்க்கும்போது அவருக்கு வருகிற பெருமையை என்னவென்று சொல்வது. பக்கத்தில் இருப்பவரிடம், அவர் கேட்காமலே, "என் பொண்ணு" என்பார்.

இது ஊரறிந்த அமீன். ஊரறியாத அமீன் ஒருவர் உண்டு. அவர் போனுக்குள் இருந்தார்.

மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டலாம். அந்த நேரத்தில் ஆரம்பித்தது ஆன்லைன் போக்கர். முதலில் சும்மா, பிறகு காசு கட்டி. தான் சூதாடி இல்லை என்று அமீன் தனக்குத்தானே பலமுறை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சூதாடிக்குப் பொறுமை கிடையாது, தனக்கு உண்டு. மோசமான சீட்டு வந்தால் மடக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கத் தெரியும். இது மூளை வேலை, செஸ் மாதிரி. இப்படியெல்லாம் நியாயம் பேசியவர், ஜுவேரியா கேட்டபோது மட்டும் புது பிரேம் மாடல் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூளை வேலை என்றால் மனைவியிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றாமல் இல்லை. தோன்றும், அடுத்த சீட்டு வரும், மறந்துவிடும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தார். காலரியில் போனைத் தொடக்கூடாது. ஹாக்கி வேறு, அது வேறு. அந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரே நாளில் உடைக்கவில்லை. இடைவேளையில் ஒரு பார்வை, பிறகு யாருக்காவது அடிபட்டு ஆட்டம் நின்றால் ஒரு பார்வை, பிறகு பந்து எதிர்ப்பக்கம் இருந்தால் ஒரு பார்வை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஜூலை மாதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கட்டுப்பாடு என்று ஒன்று இருந்ததே அவருக்கு ஞாபகமில்லை.

அன்று சிம்ராவின் அணி ஒரு கோல் முன்னணியில் இருந்தது. கடைசிக் கால் பகுதி. வெயில் இறங்கி, தண்ணீர் தெளித்த நீலத் தரை பளபளத்துக்கொண்டிருந்தது. அமீனின் பக்கத்தில் அசோகன். சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், இருபது வருஷக் காலரிச் சிநேகிதம். கீழ் வரிசைகளில் மற்றப் பெண்களின் அம்மா அப்பாக்கள். அமீனின் உள்ளங்கையில், தொப்பிக்கு அடியில் மறைத்த போனில், ஒரு பெரிய டோர்னமென்ட். நூற்றுக்கணக்கான பேர் கழிந்து கடைசி மேஜை வரை வந்துவிட்டார். இத்தனை தூரம் அவர் வந்ததே இல்லை.

எதிரணிக்குக் கோல் போடத் தோதாகப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அதே நேரம் போனில் அமீன் கையில் இரண்டு ஒன்பது. இருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். எதிராளி சளைக்காமல் கூடவே தள்ளினான். இரண்டு பேர் சீட்டும் திறந்தது: அவனிடம் இரண்டு ராஜா. நடுவில் விழ வேண்டிய ஐந்து சீட்டில் ஒரு ஒன்பது வந்தால் அமீன் பிழைப்பார், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கட்டத்தில் ஆடுகிறவன் செய்ய எதுவும் இல்லை. விரலுக்கு வேலை கிடையாது. கண்ணை எடுத்து மைதானத்தைப் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் சீட்டு அங்கேயேதான் இருக்கும். பின்னாளில் அமீன் எத்தனையோ முறை நினைத்து நினைத்துப் புழுங்கியது இதைத்தான்.

அவர் பார்த்தது போனை. கீழே சிம்ரா தன் தடுப்பாட்டக்காரிகளை நிற்க வைத்துக் குரல் கொடுத்ததும், பந்து உள்ளே தள்ளப்பட்டதும், மட்டையில் பட்ட சத்தமும் அவர் காதில் எங்கோ தூரத்தில் விழுந்தன. கடைசிச் சீட்டு திரும்பியது. ஒன்பது.

"அடி தூள்."

எழுந்து நின்றுவிட்டார். ஒரு கை மேலே போயிருந்தது. கத்திய பிறகுதான் வேறு யாரும் கத்தவில்லை என்பது உறைத்தது. எதிரணிப் பெண்கள் கீழே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து வலைக்குள் கிடந்தது. சிம்ரா தரையில் நீட்டிக் கிடந்தவள், மெல்ல முழங்காலில் எழுந்து, ஹெல்மெட்டோடு காலரியைத் திரும்பிப் பார்த்தாள். கம்பி வலைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே நல்லது.

காலரியில் இருந்த தலைகள் எல்லாம் அமீன் பக்கம் திரும்பின. பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். போனைச் சட்டைப் பைக்குள் நழுவ விட்டார். அசோகன் குனிந்து தணிந்த குரலில் கேட்டார்.

"இன்னா பாய், அந்தப் பக்கம் துட்டு கட்டிக்கீறியா?"

வேடிக்கை மாதிரித்தான் கேட்டார். ஆனால் கண்ணில் வேடிக்கை இல்லை. அமீன் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைத்தார். இல்லை என்று சொன்னால் பிறகு ஏன் கத்தினாய் என்று கேட்பார். அதற்குப் பதில் சட்டைப் பைக்குள் இருந்தது. மேட்ச் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. கேட் அருகே மகளுக்காகக் காத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்கூட, இவ்வளவுக்கும் பிறகு, அவருடைய கட்டைவிரல் போனைத் தேடிப் போயிற்று. மீதி ஆட்டத்தை ஆடி, எல்லாவற்றையும் தோற்றுவிட்டு நிமிர்ந்தபோது சிம்ரா கிட்பேக்கை இழுத்துக்கொண்டு எதிரே நின்றிருந்தாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெரிய பை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அமீன் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தார்: பந்து வெளியே போய்விட்டது என்று நினைத்தேன், வெயில் கண்ணில் அடித்தது. கண்ணாடிக் கடைக்காரன் சொல்கிற பொய்யா இது என்று அவருக்கே கேவலமாக இருந்தது. அவள் கேட்காததால் அந்தப் பொய் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் மாலை பயிற்சி முடிகிற நேரத்தில் கோச் சந்திரிகா மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். அமீனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெற்றோர் யாரோ புகார் சொல்லிவிட்டார்கள், இனி கிரவுண்டுப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தார். மேடமோ சிரித்துக்கொண்டு வந்தார். சிம்ரா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். சின்ன வயதில் வீட்டு வராந்தாவில் டென்னிஸ் பந்தை வைத்து விளையாடும்போதே, அவள் கோல் விட்டால் அத்தா அடி தூள் என்று கத்துவாராம், பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுவிடக் கூடாதே என்று. நேற்றும் அதற்குத்தான் கத்தினாராம்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு அப்பாவைப் பார்த்ததில்ல சார். கோல் விட்டா திட்டுறவங்களைத்தான் பார்த்திருக்கேன்."

வராந்தாவும் உண்மை, டென்னிஸ் பந்தும் உண்மை. அந்தப் பழக்கம் மட்டும் இல்லாத ஒன்று. அமீன் மேடத்துக்குப் பின்னால் பார்த்தார். சிம்ரா தூரத்தில் குனிந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை மேடம் என்று ஆரம்பித்திருந்தால்கூடப் போதும், மீதி தானே வந்திருக்கும்.

"ஆமா மேடம்," என்றார் அமீன். "சின்னப் பிள்ளையிலேர்ந்தே."

கத்தியதாவது வாய் தவறி வந்தது. இதை அவர் யோசித்துச் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. மேடம் இந்த விஷயத்தை எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிவிட்டார். அடுத்த மேட்சில் சிம்ரா கோல் விட்டதும் கீழ் வரிசைகள் மொத்தமும் சிரித்த முகத்தோடு அமீனைத் திரும்பிப் பார்த்தன. எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அடி தூள் என்றார். குரல் பாதியில் உடைந்தது. அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். அசோகன் அவர் கையைப் பிடித்து, தப்பாக நினைத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்த மேட்சில் காலரி மொத்தமும் சேர்ந்து கத்தியது. எந்தப் பெண் தப்புச் செய்தாலும் அடி தூள். அமீன் போகுமிடமெல்லாம் நல்ல பெயர். ஒவ்வொரு பாராட்டும் செருப்பால் அடித்த மாதிரி விழுந்தது, அவரும் எழுந்து எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

ஒரே ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிம்ராவுக்கு உண்மை தெரியாது. அன்றைய கத்தலுக்கு அவளுக்குத் தோன்றிய காரணம் இது, அதை நம்பித்தான் சொல்லியிருக்கிறாள். தன் அத்தா அவ்வளவு நல்லவர் என்று ஒரு பிள்ளை நம்பினால் அதைக் கெடுப்பானேன். இந்த நினைப்பு இருந்ததால் இரவில் தூங்க முடிந்தது. போனையும் விடவில்லை. காலரிக்கு எடுத்துப் போவதை நிறுத்தினார், அவ்வளவே.

ஆகஸ்டில் சட்டம் வந்தது. காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களுக்கெல்லாம் நாடு முழுக்கத் தடை. ஒரு மதியம் கடையில் போனைத் திறந்தபோது பச்சை மேஜைக்குப் பதிலாக ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. அமீன் அதை மூடினார், மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி முடிந்து, அறுந்த கால் பேட் வாரைத் தைக்கக் கொடுக்க வந்த சிம்ரா எப்போது கடைக்குள் வந்தாள் என்றே தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று அவளும் அதைப் படித்திருந்தாள்.

"நீங்களா விட்டீங்களா அத்தா, அதுவா மூடிடுச்சா?"

கடைச் சுவர் நெடுகக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிந்தது. நானாகத்தான் விட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"அதுவாத்தான் மூடிடுச்சு," என்றார்.

அவள் தலையாட்டினாள். கண் பரிசோதிக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து, வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, கேட் பக்கத்திலேயே பார்த்தேன் என்றாள். அன்று அவர் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னால் நிறைய நேரம் எதிரே நின்றிருந்தாளாம். அதற்கு முன்னாலேயே தெரியும் என்றாள் பிறகு.

"எங்களுக்காகக் கத்தும்போது உங்க குரல் கொஞ்சம் நடுங்கும். எனக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு நடுங்கவே இல்ல."

"தெரிஞ்சே ஏம்மா அப்படிச் சொன்னே?"

"நீங்க காசு கட்டி எங்களைத் தோக்கடிக்கப் பார்த்தீங்கன்னு டிரெஸ்ஸிங் ரூம்ல பேசினாங்க. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்." வாரை விரலிலிருந்து அவிழ்த்தாள். "மேடம் உங்ககிட்ட கேப்பாங்க, நீங்க இல்லன்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஒவ்வொரு மேட்ச்லயும் இன்னிக்குச் சொல்வீங்க, இன்னிக்குச் சொல்வீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அமீன் தாங்கியிருப்பார். அவள் பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு வாரை மேஜை மேல் வைத்து, சனிக்கிழமைக்குள் தைத்து வாங்கித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குக் கிளம்பினாள். வாடிக்கையாளர் யாரோ அவசரமாக வந்து படிக்கிற கண்ணாடி கேட்டார். அமீன் அவருக்குத் தூரக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

ஜுவேரியாவிடம் சனிக்கிழமை சொன்னார். எல்லாவற்றையும், போன காசையும் சேர்த்து. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டவள், பிள்ளைக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டாள். பதிலைக் கேட்டதும் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஞாயிறு கடைசி லீக் மேட்ச். அமீன் சீக்கிரமே போய்விட்டார். பெற்றோர்கள் வந்து உட்காரும் வரை காத்திருந்தார். சந்திரிகா மேடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளக் கம்பி வேலி ஓரம் வந்தபோது எழுந்தார். கத்திப் பழகிய மனிதர் அன்று மேடத்துக்கும் கீழ் வரிசைகளுக்கும் கேட்கிற அளவுக்கு மட்டும் குரல் எடுத்தார்.

"அன்னிக்கு நான் கத்தினது சிம்ராவுக்காக இல்ல. நான் மேட்சே பார்க்கல. போன்ல காசு வச்சு சீட்டு ஆடிட்டு இருந்தேன், நல்ல சீட்டு விழுந்துச்சு, கத்திட்டேன். எங்க வீட்டுல அப்படி ஒரு பழக்கமே கிடையாது. பிள்ளை என் மானத்தைக் காப்பாத்தச் சொன்னா, நான் ஆமான்னு சொல்லி அவளையும் பொய்க்காரி ஆக்கிட்டேன். தப்பு என்னுது."

மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீம் காத்திருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அன்றைக்குக் கண்ணைத் துடைத்த அம்மா தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அசோகன்தான் தலையைச் சொறிந்தார்.

"இத்த ஏன் பாய் இப்போ சொல்றே? அப்டியே உட்டிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"அவளுக்குத் தெரியும்," என்றார் அமீன்.

அசோகன் எழுந்து போகவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டு உட்கார்ந்தார்.

மேட்ச் ஆரம்பித்தது. அமீன் இரண்டு கையையும் முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டு ஒரு பந்து விடாமல் பார்த்தார். சிம்ரா நன்றாகத்தான் ஆடினாள். கால் பேடில் ஒன்று, மட்டையில் ஒன்று என்று தடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் கால் பகுதியில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு பந்து யார் காலிலோ பட்டுத் திரும்பி, அவள் பாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உருண்டு உள்ளே போயிற்று.

காலரியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

எதிரணிப் பெண்களின் ஆரவாரம் அடங்கிய பிறகும் வரவில்லை. விசில் ஊதிய நடுவரே ஒருமுறை மேலே பார்த்தார். சிம்ரா எழுந்து, தோளை இறுக்கிக்கொண்டு நின்றாள். வழக்கமாக வருகிற கத்தலுக்காக அவள் அப்படித் தோளை இறுக்கிக்கொள்வாள் என்பது அமீனுக்கு இத்தனை நாளும் தெரியாது. அது வராமல் போகவே தோள் இறங்கியது. காலரியைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தாள், பிறகு தனியாக விடப்பட்டிருந்த தன் அத்தாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அமீனுக்குப் புரிந்தது.

தலையைக் குனிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது. அவர் குனியவில்லை. அவள் வலைக்குள்ளிருந்த பந்தைக் காலால் வெளியே தள்ளிவிட்டு, மட்டையால் இரண்டு கம்பத்தையும் தட்டிப் பார்த்து, மறுபடி தன் இடத்துக்குப் போய் நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.